கறுப்புப் பட்டையை வெட்டுவதா, விடுவதா?

புது டிவி மாட்டியதும் வீட்டில் எழும் முதல் புகார் இதுதான்: “இவ்வளவு பெரிய டிவி வாங்கியும் படம் முழுசாத் தெரியலையே, மேலயும் கீழயும் கறுப்பா இருக்கே!” யாராவது ரிமோட்டை எடுத்து ஜூமைத் தேடிப் பிடித்து அழுத்துவார்கள். திரை நிரம்பிவிடும். படத்தில் கால் பங்கு காணாமல் போயிருக்கும். கண்ணுக்குத் தெரிவது நிரம்பிய திரை மட்டும் என்பதால் போனதைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள்.

பட்டைகளில் சில படத்தோடு சேர்ந்து வருபவை. அவற்றை விட்டுவிட வேண்டும். சில, அமைப்புக் கோளாறால் வருபவை; அவற்றை நீக்கியே ஆக வேண்டும். எந்தப் பட்டை எந்த வகை என்று கண்டுபிடிப்பது, டிவியைச் சரியாக அமைப்பது, விட்டுவிட வேண்டிய பட்டை உறுத்தாமல் பார்த்துக்கொள்வது ஆகிய மூன்றும் இந்த அத்தியாயத்தில் வரும்.

தெரிந்துகொள்ள வேண்டிய நான்கு எண்கள்

படத்தின் அகலத்தை உயரத்தால் வகுத்தால் கிடைப்பது அதன் விகிதம்.

- 1.78: இன்றைய டிவி. பெட்டியில் 16:9 என்று போட்டிருக்கும்.
- 1.33: பழைய டியூப் டிவி, அதாவது 4:3. 1950களின் படங்களும் ஏறக்குறைய இதே வடிவம்; துல்லியமாகச் சொன்னால் 1.37.
- 1.85: சற்றே அகன்ற படம். டிவியில் மெல்லிய கோடு போலத்தான் பட்டை தெரியும்.
- 2.35 அல்லது 2.39: சினிமாஸ்கோப். தமிழில் 1973இல் வந்த ‘ராஜராஜ சோழன்’ முதல் ஸ்கோப் படம். இன்று தியேட்டருக்கு வரும் தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவை இந்த அளவில்தான் எடுக்கப்படுகின்றன.

தியேட்டரில் ஸ்கோப் படம் போடும்போது பக்கத்துத் திரைச்சீலைகள் விலகி வெண்திரை அகலும். வீட்டு டிவியால் அகல முடியாது. அகலம் முழுவதையும் காட்ட வேண்டுமானால் உயரத்தைக் குறைத்தாக வேண்டும். மிஞ்சும் இடம்தான் பட்டை. அதற்குப் பின்னால் படத்தின் எந்தப் பகுதியும் ஒளிந்திருக்கவில்லை.

முதல் வேலை: பட்டையின் வகையைக் கண்டுபிடியுங்கள்

தையற்காரர்கள் பயன்படுத்தும் துணி டேப் ஒன்று போதும். இரும்பு டேப் வேண்டாம். அதன் முனை பேனலில் கீறிவிடும்.

1. படத்தில் வெளிச்சமான ஒரு காட்சி வரும்போது நிறுத்துங்கள். இருட்டுக் காட்சியில் படம் எங்கே முடிகிறது, பட்டை எங்கே தொடங்குகிறது என்று தெரியாது.
2. பட்டைகள் எந்தப் பக்கம் இருக்கின்றன என்று பாருங்கள்: மேலும் கீழுமா, இரு பக்கமுமா, நான்கு புறமுமா?
3. படம் தெரியும் பகுதியின் அகலத்தையும் உயரத்தையும் அளந்து, அகலத்தை உயரத்தால் வகுங்கள். 55 அங்குல டிவியில் அகலம் ஏறத்தாழ 122 செ.மீ. படத்தின் உயரம் 51 செ.மீ. வந்தால் விகிதம் 2.39.
4. வட்டமான பொருள் ஒன்று வரும் காட்சியைத் தேடுங்கள்: வண்டிச் சக்கரம், சுவர்க் கடிகாரம், பந்து, எதுவானாலும் சரி. அது முட்டை வடிவில் தெரிந்தால் படம் இழுபட்டிருக்கிறது அல்லது நசுங்கியிருக்கிறது.

விடையை இப்படிப் படியுங்கள்:

- மேலும் கீழும் பட்டை, வட்டம் வட்டமாகவே இருக்கிறது: ஸ்கோப் படம் சரியாகத் தெரிகிறது. தொட வேண்டாம்.
- இரு பக்கமும் பட்டை, வட்டம் சரி: பழைய 4:3 படம். இதையும் தொட வேண்டாம்.
- நான்கு புறமும் பட்டை, நடுவில் சின்னதாகப் படம்: கோளாறு. நீக்க வேண்டும்.
- பட்டையே இல்லை, ஆனால் முகங்கள் பருத்தோ நீண்டோ தெரிகின்றன: இதுவும் கோளாறுதான். நான்கிலும் மோசமானது இதுவே.

டிவியை அமைக்கும் வரிசை

செட்டாப் பாக்ஸ், பிளேயர், டிவி என ஒவ்வொன்றிலும் தனித்தனியாகப் பட அளவு அமைப்பு உண்டு. இரண்டு கருவிகள் ஒரே படத்தைத் திருத்த முயன்றால் குழப்பம்தான். எனவே சிக்னல் புறப்படும் இடத்திலிருந்து தொடங்குங்கள்.

1. செட்டாப் பாக்ஸின் செட்டிங்ஸுக்குள் சென்று டிவி வகையை 16:9 என்று வையுங்கள். பழைய டிவியோடு இருந்த பாக்ஸைப் புது டிவிக்கு மாற்றியிருந்தால் அது இன்னும் 4:3 என்றே நினைத்துக்கொண்டிருக்கலாம். நான்கு புறமும் பட்டை வர இது ஒரு முக்கியக் காரணம்.
2. டிவிடி அல்லது ப்ளூரே பிளேயர் இருந்தால் அதிலும் 16:9 என்றே வையுங்கள்.
3. இப்போது டிவிக்கு வாருங்கள். சாம்சங்கில் ‘பிக்சர் சைஸ்’ பகுதியில் ‘16:9 ஸ்டாண்டர்ட்’, எல்ஜியில் ‘ஆஸ்பெக்ட் ரேஷியோ’ பகுதியில் ‘ஒரிஜினல்’ அல்லது ‘16:9’, சோனியில் ‘வைட் மோட்’ பகுதியில் ‘ஃபுல்’ அல்லது ‘நார்மல்’. மாடலுக்கு மாடல் பெயர் கொஞ்சம் மாறும்.
4. ஓரம் வெட்டுவதை நிறுத்துங்கள். பட்டையே இல்லாத படத்திலும் சில டிவிகள் நான்கு ஓரங்களையும் சில சதவீதம் தின்றுவிடும்; டியூப் காலத்திலிருந்து தொடரும் பழக்கம் இது. எல்ஜியில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’, சாம்சங்கில் ‘ஃபிட் டு ஸ்கிரீன்’, சோனியில் ‘ஃபுல் பிக்சல்’ என்ற அமைப்பைப் போட்டால் இது நிற்கும்.
5. ‘ஆட்டோ வைட்’ போன்ற தானியங்கி வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். விளம்பரம் வரும்போது ஓர் அளவு, படம் வரும்போது வேறு அளவு என்று திரை தாவிக்கொண்டிருப்பதற்கு அதுவே பெரும்பாலும் காரணம்.
6. ஒவ்வொரு எச்டிஎம்ஐ இணைப்புக்கும் 3, 4, 5ஆம் படிகளைத் திரும்பச் செய்யுங்கள். பல டிவிகள் ஒவ்வோர் இணைப்புக்கும் தனி அமைப்பு வைத்துக்கொள்ளும்.

*குறிப்பு:* 2019இல் அறிவிக்கப்பட்ட ‘ஃபிலிம்மேக்கர் மோட்’ உங்கள் டிவியில் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். படத்தின் மூல விகிதத்தை மாற்றாமல் காட்டுவதும் ஓரம் வெட்டாமல் விடுவதும் அதன் விதிகளிலேயே அடக்கம்.

வெட்டினால் எவ்வளவு போகும்?

16:9 டிவியில் பட்டை துளியும் இல்லாமல் திரையை நிரப்பினால் ஏற்படும் இழப்பு:

- 1.85 படம்: அகலத்தில் 4 சதவீதம்
- 2.00 (சில வெப் தொடர்கள்): 11 சதவீதம்
- 2.20 (70 எம்.எம். படங்கள்): 19 சதவீதம்
- 2.39 ஸ்கோப்: 25 சதவீதத்துக்குச் சற்று மேல்
- 1.33 பழைய படம்: உயரத்தில் 25 சதவீதம்

நான்கு சதவீதத்தை யாரும் கவனிக்கப்போவதில்லை. கால் பங்கு அப்படியல்ல. செர்ஜியோ லியோனியின் ‘தி குட், தி பேட் அண்ட் தி அக்லி’ (1966) உச்சக்காட்சியில் மூன்று பேர் கல்லறைத் திடலில் ஒருவரையொருவர் குறிபார்த்தபடி விலகி நிற்கிறார்கள். காட்சியின் பதற்றமே அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. ஓரத்தை வெட்டினால் முதலில் பறிபோவது அதுதான்.

உயரத்தை வெட்டினாலும் இதே கதைதான். டிஸ்னி பிளஸ் 2019இல் தொடங்கியபோது ‘தி சிம்ப்சன்ஸ்’ கார்ட்டூனின் பழைய 4:3 பகுதிகளை 16:9க்கு வெட்டிப் போட்டது. ஒரு காட்சியில் மூன்று வெவ்வேறு பீர் தொட்டிகளுக்கும் மேலே ஒரே குழாயிலிருந்துதான் சரக்கு இறங்கும், அதுதான் நகைச்சுவை. மேற்பகுதி வெட்டுப்பட்டதும் குழாய் மறைந்தது, சிரிப்பும் போயிற்று. ரசிகர்கள் போட்ட சத்தத்தில், 2020இல் பழைய வடிவத்தையும் தேர்ந்தெடுக்கும் வசதி வந்தது.

கூர்மையும் குறையும். முழு எச்டி ப்ளூரேயில் ஸ்கோப் படம் இருப்பது சுமார் 800 வரிகளில்தான். ஜூம் செய்தால் அதே வரிகளை 1080க்கு இழுத்துப் பரப்புகிறது டிவி. புது விவரம் எதுவும் சேராது.

உங்கள் படத்தில் சோதிக்க

1. ஸ்கோப் படம் ஒன்றின் தொடக்க டைட்டிலுக்குச் செல்லுங்கள்.
2. ஜூமைப் போடுங்கள். ஓரத்தில் இருக்கும் பெயர்களில் எழுத்துகள் வெட்டுப்படுகின்றனவா என்று பாருங்கள்.
3. இருவர் எதிரெதிரே நின்று பேசும் காட்சிக்கு நகருங்கள். இருவர் முகமும் முழுசாகத் தெரிகிறதா?
4. சப்டைட்டில் உள்ள காட்சியில் நீண்ட வரி ஒன்றைப் பாருங்கள். படத்தோடு சேர்த்துப் பதித்த எழுத்தானால் வரியின் இரு முனையும் போயிருக்கும். கீழ்ப் பட்டையில் வைக்கப்பட்ட எழுத்தானால் வரியே இருக்காது.

மூன்றில் ஒன்று தவறினாலும் அந்தப் படத்தை வெட்டாதீர்கள். மலையாளப் படமோ கொரியப் படமோ சப்டைட்டிலை நம்பிப் பார்ப்பவர்கள் நான்காம் படியைத் தவறவிடக் கூடாது.

ஜூமை அழுத்தியே ஆக வேண்டிய இடம்

பழைய டிவிடிகள் பலவற்றில் ஸ்கோப் படத்தை 4:3 சட்டத்துக்குள் மேல்-கீழ்ப் பட்டையோடு பதித்திருப்பார்கள். சாதாரணத் தர சேனல்கள் சிலவும் அப்படித்தான் ஒளிபரப்புகின்றன. அதை 16:9 டிவியில் போட்டால் பக்கப் பட்டையும் சேர்ந்துகொள்ள, படம் நடுவில் தபால்தலை அளவுக்குச் சுருங்கிவிடும். இங்கே ஜூம் செய்வதால் போவது பட்டை மட்டுமே. படத்தில் ஒரு மில்லிமீட்டரும் குறையாது.

1. முதலில் பாக்ஸ், பிளேயர் அமைப்பு 16:9இல் இருப்பதை உறுதி செய்யுங்கள். கோளாறு அங்கே என்றால் ஜூம் தேவைப்படாது.
2. அகலத்தையும் உயரத்தையும் ஒரே அளவில் பெரிதாக்கும் ஜூமைத் தேர்ந்தெடுங்கள். எல்ஜியில் ‘ஆல் டைரக்ஷன் ஜூம்’, சோனியில் ‘ஜூம்’. அகலத்தை மட்டும் இழுக்கும் அமைப்பு வேண்டாம்.
3. பக்கப் பட்டை மறைந்து படம் இரு ஓரத்தையும் தொட்டதும் நிறுத்துங்கள். மேலும் கீழும் பட்டை மிச்சமிருக்கும். அது இருக்க வேண்டியதுதான்.
4. வட்டச் சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள்.
5. சப்டைட்டில் கீழே வெட்டுப்பட்டால், டிவியில் படத்தை மேலே நகர்த்தும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். பல டிவிகளில் ஜூம் போட்டபின் மேல்-கீழ் அம்புக்குறியால் நகர்த்தலாம்.

பட்டை வந்து வந்து போகும் படங்கள்

‘தி டார்க் நைட்’ (2008) படத்தின் ப்ளூரேயில் ஐமாக்ஸ் கேமராவில் எடுத்த காட்சிகள் திரையை நிரப்பும். மற்றவை பட்டையோடு வரும். டிவி கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். இயக்குநர் வைத்தபடியே வருகிறது. ஸ்கோப் காட்சிக்காக ஜூம் போட்டுவைத்தால் ஐமாக்ஸ் காட்சிகளில் நான்கு புறமும் வெட்டுப்பட்டு, பரப்பில் ஏறத்தாழ 45 சதவீதம் போய்விடும். ‘தி கிராண்ட் புடாபெஸ்ட் ஹோட்டல்’ (2014) காலத்துக்கு ஒரு விகிதம் என மூன்று விகிதங்களில் மாறி மாறி ஓடும். இத்தகைய படங்களுக்கு ரிமோட்டை எட்டாத இடத்தில் வைப்பதே நல்லது.

கணினியிலும் கைபேசியிலும்

விஎல்சி பிளேயரில் ‘சி’ விசை ஓரத்தை வெட்டும். ‘ஏ’ விசை விகிதத்தையே மாற்றிவிடும். பலர் ‘ஏ’வைத் தட்டி முகங்களை நசுக்கிவிடுகிறார்கள். வெட்டத்தான் வேண்டும் என்றால் ‘சி’யைத் தட்டிக்கொண்டே போய் 16:9இல் நிறுத்துங்கள். முன்பிருந்த நிலை திரும்பும் வரை மறுபடி தட்டினால் பழையபடி ஆகிவிடும். கோப்பு அப்படியே இருக்கும், காட்டும் விதம் மட்டுமே மாறும்.

எம்பிவி பிளேயரில் ஷிஃப்ட்டோடு ‘டபிள்யூ’ தட்டினால் படிப்படியாக வெட்டும். வெறும் ‘டபிள்யூ’ திரும்பக் கொண்டுவரும். பாட்டிக்குப் பெரிதாக வேண்டும், பேரனுக்கு முழுசாக வேண்டும் என்ற வீட்டுக்கு இது நல்ல சமரசம். 2.39 படத்தை 2.00 வரை மட்டும் வெட்டினால் இழப்பு 16 சதவீதத்தோடு நிற்கும். பட்டையும் பாதிக்குக் கீழே குறைந்துவிடும்.

கைபேசியில் கணக்கே வேறு. பல கைபேசிகளின் திரை 20:9, அதாவது 2.22. ஸ்கோப் படத்தை இரு விரலால் விரித்து நிரப்பினால் போவது 7 சதவீதம்தான், தாராளமாகச் செய்யலாம். ஆனால் 16:9 தொடரையோ யூடியூப் காணொளியையோ அப்படி விரித்தால் மேலும் கீழுமாக 20 சதவீதம் போகும். தலையும் சப்டைட்டிலும்தான் முதல் பலி.

பட்டை உறுத்தாமல் இருக்க

பட்டை எரிச்சலூட்டுவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு: அது கறுப்பாக இல்லாமல் சாம்பலாகத் தெரிவது, படம் சின்னதாகத் தோன்றுவது. இரண்டுக்கும் மருந்து இருக்கிறது.

*பட்டையைக் கறுப்பாக்க:*

1. படமுறையை ‘விவிட்’டிலிருந்து ‘சினிமா’ அல்லது ‘மூவி’க்கு மாற்றுங்கள்.
2. எல்இடி டிவியானால் ‘பேக்லைட்’ அளவைக் குறையுங்கள். ‘பிரைட்னெஸ்’ஸைக் குறைக்க வேண்டாம். சில டிவிகளில் கறுப்பின் அளவை ஆள்வது அதுதான். குறைத்தால் இருட்டுக் காட்சிகளில் எதுவும் தெரியாது.
3. ‘லோக்கல் டிம்மிங்’ இருந்தால் போடுங்கள்.
4. அப்படியும் பட்டையோடு சேர்ந்து படம் முழுவதும் வெளிறித் தெரிந்தால், எச்டிஎம்ஐ கறுப்பளவு அமைப்பைப் பாருங்கள். ‘பிளாக் லெவல்’ அல்லது ‘வீடியோ ரேஞ்ச்’ என்றிருக்கும். ‘ஆட்டோ’வில் வையுங்கள். பிளேயர் ஓர் அளவில் அனுப்ப, டிவி வேறோர் அளவில் எடுத்துக்கொள்வதால் வரும் வெளிறல் இது.
5. எதிர்ச்சுவர் விளக்கை அணைத்து, டிவிக்குப் பின்னால் மங்கலான வெள்ளை எல்இடி பட்டி ஒன்றை ஒட்டுங்கள். 6500 கெல்வின் என்று குறித்தது நல்லது. பின்சுவரில் கொஞ்சம் வெளிச்சம் இருந்தால் முன்னால் உள்ள கறுப்பு ஆழமாகத் தெரியும்.

*படத்தைப் பெரிதாகத் தோன்றச் செய்ய:* நாற்காலியை நகர்த்துங்கள். டிவியின் அகலத்தை அளந்து 1.4ஆலும் 1.9ஆலும் பெருக்குங்கள். அந்த இரண்டு தூரங்களுக்கு நடுவில் உட்கார்ந்தால் தியேட்டரின் நடுவரிசை அளவுக்குக் கண் நிறையும். 55 அங்குல டிவிக்கு இது சுமார் ஐந்தரை அடியிலிருந்து ஏழரை அடி. பத்தடி தள்ளி சோபாவில் சாய்ந்திருந்தால் எந்தப் படமும் சின்னதாகத்தான் தெரியும். ஜூமுக்குச் செலவாவது படத்தின் கால் பங்கு. நாற்காலிக்கு எதுவும் செலவில்லை.

பாதுகாப்பு

- கறுப்பு அட்டையோ வெல்வெட்டோ கொண்டு பட்டைப் பகுதியை மறைக்க விரும்பினால் டிவியின் வெளிச்சட்டத்திலிருந்து தொங்கவிடுங்கள். பேனல் மீது டேப், பசை எதுவும் ஒட்டாதீர்கள். ரிமோட் சிக்னலை வாங்கும் கண் பல டிவிகளில் கீழ்ப்பக்கம் இருக்கும். அதை மூடினால் ரிமோட் வேலை செய்யாது.
- பின்பக்கக் காற்றுத் துளைகளைத் துணியோ எல்இடி பட்டியோ அடைக்கக் கூடாது. புரொஜெக்டருக்கு இது இன்னும் முக்கியம்; அதன் காற்று வெளியேறும் பக்கம் திரைச்சீலை படவே கூடாது.
- எல்இடி பட்டி எடுக்கும் மின்சாரம் டிவியின் யுஎஸ்பி துளையில் குறித்த அளவுக்குள் இருக்க வேண்டும். இல்லையென்றால் தனி அடாப்டர் வையுங்கள்.
- ஓஎல்இடி டிவியில் பட்டைப் பகுதியின் பிக்சல்கள் அணைந்திருக்கும். நடுப்பகுதி மட்டும் தேயும். செய்தி, விளையாட்டு, படம் என்று கலந்து பார்க்கும் வீட்டில் இதற்காகப் படத்தை வெட்டத் தேவையில்லை. நாள் முழுவதும் ஒரே மூலையில் எரியும் சேனல் லோகோவுக்குத்தான் அஞ்ச வேண்டும். ‘பிக்சல் ஷிஃப்ட்’ அமைப்பை அணைக்காதீர்கள். படம் முடிந்ததும் சுவரில் இருக்கும் மெயின் சுவிட்சை உடனே அணைக்கவும் வேண்டாம். ஸ்டாண்ட்பையில் இருக்கும்போதுதான் டிவி தன் பேனலைச் சரிசெய்துகொள்ளும்.

அடிக்கடி நேரும் பிழைகள்

- *பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை இழுத்து நிரப்புவது.* ‘பராசக்தி’யில் சிவாஜி தொந்தியோடு தெரிந்தால் குற்றம் அவர்மேல் இல்லை. பக்கப் பட்டையோடு பாருங்கள்.
- *ஒரு படத்துக்குப் போட்ட ஜூமை மறந்துவிடுவது.* மறுநாள் செய்தியில் அடியில் ஓடும் வரி காணாமல் போனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். படம் முடிந்ததும் அமைப்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.
- *கோப்பையே வெட்டிச் சேமிப்பது.* வீட்டு விசேஷக் காணொளிகளில் நடக்கும் விபத்து இது. மென்பொருளில் ‘ஆட்டோ கிராப்’ வழக்கமாகப் பட்டையை மட்டும்தான் நீக்கும். மண்டப விளக்கு அணைந்த காட்சிகளில் அது இருட்டைப் பட்டை என்று எடுத்துக்கொள்ளலாம். சேமிக்கும் முன் வெளிச்சமான காட்சி ஒன்றில் சரிபாருங்கள். மூலக் கோப்பை எந்தக் காரணத்துக்கும் அழிக்காதீர்கள்.
- *ஒரே அமைப்பை எல்லாவற்றுக்கும் வைப்பது.* டிவி ‘16:9’இல் நிலையாக இருக்கட்டும். நான்கு புறப் பட்டையோடு வரும் டிவிடிக்கும் சேனலுக்கும் மட்டும் அப்போதைக்கு ஜூம், மற்றதற்கெல்லாம் பட்டையோடு.